கோசார் வயலினின் முகப்பலகை

“திருடன்னு நான் சொல்லவே இல்லையே—”

“சொல்லாம வேற என்ன சொன்னீங்க? வாசப்படியில கால் வைக்கும்போதே—”

“வயலின் பலகையை மாத்திட்டாருன்னு சொன்னேன். மாத்தினதைத்தான்—”

“மாத்திட்டு எடுத்து வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு திருட்டுதானே? என் வீட்டுக்காரர் செத்து ஆறு வருஷம் ஆச்சு. பதில் சொல்ல ஆள் இல்லைன்னதும் பஸ் ஏறி வந்துட்டீங்க.”

“ஆள் இல்லாட்டி என்ன, கடிதாசு இருக்கு. இதோ! கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க, மதாம்!”

சோலான்ஜ் கடிதத்தை மேஜைமேல் வைத்த வேகத்தில் நான் நறுக்கி வைத்திருந்த லீக்ஸ் வெங்காயத் தண்டுகள் தரையில் சிதறின. சனிக்கிழமை காலை. சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். அடுப்பில் பன்றியிறைச்சியும் முட்டைகோசும் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வயலின் பெட்டியை மட்டும் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார வைத்திருந்தாள், விருந்தாளியை உட்கார வைப்பதுபோல.

நான்சி நகர இசைக்குழுவில் இரண்டாம் வரிசையில் முப்பத்தைந்து வருடம் வாசித்தவள். இப்போது எழுபது வயது. விரல் மூட்டுகள் வீங்கிவிட்டதால் வில்லைப் பிடிக்க முடிவதில்லை. அவளுடைய வயலினை என் கணவர் அர்மான் ஒரே ஒருமுறை பழுது பார்த்திருக்கிறார், 1986-ல். அதற்கப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவாள். அர்மான் இறந்தபோது வெள்ளை லில்லி கொண்டுவந்து வைத்து அழுதாள். அந்த சோலான்ஜ்தான்.

கடிதத்தைப் படித்தேன். பாரிஸில் ஏதோ ஆய்வகம், வயலினை ஏலம் விடப்போகிறவர்கள் கேட்டு எழுதியது. மரத்தின் வளையங்களை எண்ணி அது எந்த வருடம் வரை வளர்ந்தது என்று சொல்கிறவர்கள். தந்திகளுக்குக் கீழே இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்த முகப்பலகையின் இடது பாதியில் கடைசி வளையம் 1861 என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

“கோசார் எப்பச் செத்தாரு, சொல்லுங்க” என்றாள்.

“எனக்குத் தெரியாதா?”

“சொல்லுங்களேன்.”

“அம்பத்தெட்டு.”

“செத்து மூணு வருஷம் கழிச்சு வளர்ந்த மரத்துல வயலின் செஞ்சாராமா? கல்லறையில இருந்து எழுந்து வந்து செஞ்சாராமா?”

பார்தெலெமி கோசார் எங்கள் மிர்கூர் ஊர்க்காரர். பதினாறு வயதில் பாரிஸுக்குப் போய் அங்கேயே கடை வைத்தவர். நீண்ட மூலைகள், உள்பக்கம் லேசாகச் சாய்ந்த ஒலித்துளைகள், பழுத்த செர்ரியின் கருஞ்சிவப்பில் ஒரு வார்னிஷ். தன் கையால் முழுதாகச் செய்தது நூற்றுப் பத்தோ பன்னிரண்டோ. ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பரணில் ஏறினாலும் ஒரு கோசார் கிடைக்கும். அவர் உயிரோடு இருந்தபோதே இங்கே பட்டறைகளில் அவர் பெயரை அச்சடித்து, ஜாம் பாட்டிலுக்கு ஒட்டுவதுபோல் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தை இந்தத் தொழிலில் யாரும் நம்புவதில்லை. மரத்தைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். இப்போது வளையத்தையும் எண்ணுகிறார்கள்.

“ஏலக்காரங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“முதுகும் தலையும் விலாவும் கோசார், முகப்பு வேற யாரோ. ஒரு லட்சத்து நாப்பதாயிரம் யூரோன்னு சொல்லிக்கிட்டிருந்தவங்க இப்ப பதினெட்டாயிரம்ங்கிறாங்க. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி, மதாம், என் முட்டி இருக்கிற லட்சணத்துல. எபினால்ல கீழ்த்தள வீடு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். சின்னத் தோட்டம். பதினெட்டாயிரத்துக்கு அந்தத் தோட்டத்து வேலிகூட வராது.”

“அதுக்கு அர்மான் என்ன பண்ணுவாரு?”

“எழுபத்தொம்பதுல பாரிஸ் நிபுணர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் என்கிட்ட இருக்கு. ‘எல்லாப் பாகமும் அசல்’னு கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுக்கப்புறம் இந்த வயலினை ஒரே ஒருத்தர்தான் திறந்தாரு.”

“சான்றிதழ்ல போட்டோ இருக்குமே. ஒப்பிட்டுப் பாருங்க.”

“பார்த்தேன். என் கட்டைவிரல் அளவு படம். கறுப்பு வெள்ளை. பிளாஷ் அடிச்சு முகப்பு வெளுத்துப் போயிருக்கு.”

“தாடை வைக்கிற பக்கத்துல ஒரு கீறல் இருக்குமே? அது தெரியும்.”

“தெரியுது. இப்பவும் இருக்கு. அதனால என்ன? ‘கீறலைக்கூட அச்சா அப்படியே போடுவாரு என் வீட்டுக்காரர், பெத்த தாயாலகூடக் கண்டுபிடிக்க முடியாது’ன்னு இதே மேஜையில உட்கார்ந்து பெருமை அடிச்சது யாரு?”

அடித்தேன்தான். மறுக்க முடியாது. பழுது பார்த்த இடத்தைக் காட்டச் சொன்னால் அவரே ஒரு கணம் தேடுவார், அப்படி ஒரு கை. நான் வெறுமனே லீக்ஸைப் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே எனக்கு வேறொன்று தோன்றியது.

“ஏலக்காரங்ககிட்ட வயலின் எத்தனை நாள் இருந்துச்சு?”

“பதினேழு நாள்.”

“பதினேழு நாளும் நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களா?”

“அவங்க திறக்கவே இல்லை.”

“யாரு சொன்னது?”

“அவங்கதான்.”

“அவங்க சொன்னா வேதம். அர்மான் சொன்னா பொய்.”

அவள் நாற்காலியின் பக்கம் திரும்பினாள். கை தானாகப் பெட்டியின் மேல் போயிற்று. அந்த நிமிடம் அவள் ஏலக்காரர்களையும் சந்தேகப்பட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அவள் உடனே தலையை ஆட்டிக்கொண்டாள்.

“இல்ல. உங்க வீட்டுல இருந்து வந்தப்பவே சத்தம் மாறியிருந்துச்சு. மேல் ஸ்வரத்துல ஒரு இறுக்கம். அப்பவே வந்து சொன்னேன். ‘தந்தியை மாத்துங்க, மதாம், நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வு எடுங்க’ன்னாரு உங்க வீட்டுக்காரர். நானும் நம்பி மூணு மாசம் மாத்திரை தின்னேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போறேன். அதுக்கு முன்னாடி மரியாதைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன்.”

“இது மரியாதைன்னா அவமரியாதை எப்படி இருக்கும்னு பார்க்க ஆசையா இருக்கு.”

போனை எடுத்து மரியெலைக் கூப்பிட்டேன். அர்மானுக்குப் பிறகு எங்கள் பட்டறையை வாங்கியவள். தெருவுக்கு எதிர்ப்பக்கம். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கருவிப் பையோடு, நீள ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. குட்டையான முடி, விரலெல்லாம் வார்னிஷ் கறை.

“என்ன, யாரு செத்தா?” என்றாள் எங்கள் முகங்களைப் பார்த்து.

“கோசார்” என்றேன்.

“அது பழைய சேதியாச்சே.”

சோலான்ஜ் சிரிக்கவில்லை. “இவளும் உங்க ஆளுதானே” என்றாள் என்னிடம், மரியெல் அங்கே இல்லாதவள்போல.

“நானா?” மரியெல் ரொட்டியை மேஜையில் வைத்தாள். “கடையை எனக்கு வித்தப்போ பழைய இடுக்கி ஒண்ணைக்கூட இந்த அம்மா சும்மா தரலை. துருப்பிடிச்ச வாளியை எடை போட்டு வித்தாங்க. நான் இவங்க ஆளா? நல்லா கேட்டீங்க.”

“அது செம்பு வாளி” என்றேன்.

“செம்பு பூசின வாளி.”

கடிதத்தைப் படித்தாள் மரியெல். இரண்டு முறை படித்தாள். வயலினை வெளியே எடுத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எனக்கு அவள் மௌனம் பிடிக்கவில்லை. வழக்கமாக வாய் ஓயாதவள்.

“வார்னிஷ் கோசார் மாதிரிதான் இருக்கு” என்றாள் கடைசியில்.

“மாதிரி” என்றாள் சோலான்ஜ்.

“மாதிரிதான். அதுக்கு மேல வெளியில இருந்து சொல்ல முடியாது.”

நான் எழுந்தேன்.

“எங்க போறீங்க?” சோலான்ஜ் கேட்டாள்.

“பரணுக்கு.”

“எதுக்கு?”

“வந்து சொல்றேன்.”

“நானும் வரேன்.”

“உங்க முட்டிக்கு அந்த ஏணி ஆகாது. பயப்படாதீங்க, ஜன்னல் வழியா குதிச்சு ஓட எனக்கு எண்பத்தொரு வயசு.”

பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அர்மான் இறந்த பிறகு அதைத் திறந்தேன். பழைய வயலின்களின் முகப்பலகைகள் ஏழு, ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றப்பட்டு. பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்படிப் பழைய மரம் சேர்ப்பார்கள், அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாவது பொட்டலத்தைப் பிரித்தபோது கருஞ்சிவப்பு வார்னிஷ், சாய்ந்த ஒலித்துளை. அன்றைக்கே அதைப் புதுச் செய்தித்தாளில் திரும்பச் சுற்றி, பெட்டியை மூடி, அதன்மேல் கிறிஸ்துமஸ் விளக்குகளை வைத்துவிட்டேன். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. மரியெலிடம் மற்ற ஆறையும் காட்டினேன். அவள் இரண்டை வாங்கிக்கொண்டாள். ஐந்தாவதைக் காட்டவில்லை. ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதும் இல்லை.

இப்போது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன். கடைசிப் படியில் ஒரு நிமிடம் நின்றேன். அடுப்பில் போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் சாம்பல். சமையலறைக்குள் போய் அதை மேஜைமேல் வைத்தேன்.

செய்தித்தாளைப் பிரித்தது சோலான்ஜ்தான். பிரித்ததும் மூச்சை உள்ளே இழுத்தாள்.

“இருக்கு! கடவுளே, இங்கயே இருக்கு! பரண்ல! நான் சொன்னேனே!”

“கத்தாதீங்க” என்றாள் மரியெல்.

“கத்தாம? முப்பத்தெட்டு வருஷம் என் வயலின் முகம் இவங்க பரண்ல தூங்கியிருக்கு, நான் கத்தாம?”

“கையை எடுங்க. நான் பார்க்கிறேன்.”

மரியெல் அந்தப் பலகையை வயலினுக்குப் பக்கத்தில் வைத்தாள். பையிலிருந்து உலோக அளவுகோலை எடுத்து அளந்தாள். பிறகு நகத்தால் பலகையின் விளிம்பை ஒட்டி ஓடும் இரட்டைக் கறுப்புக்கோட்டைச் சுரண்டினாள். கோடு பொடியாக உதிர்ந்தது.

“மை” என்றாள்.

“என்ன மை?”

“நல்ல வயலின்ல இந்தக் கோட்டுக்குக் சின்னப் பள்ளம் வெட்டி, மெல்லிசா மரத்தைச் செருகுவாங்க. இது பேனாவால வரைஞ்சது. பட்டறைச் சரக்கு. நீளமும் நாலு மில்லிமீட்டர் கூட. இது உங்க வயலின் முகம் இல்லை, மதாம். உங்க வயலினோட ஏழை மச்சினன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடம்! ஒரு பேனாக் கோட்டைப் பார்த்துப் பயந்து ஆறு வருடம். சிரிப்பு வந்தது.

“சிரிக்காதீங்க” என்றாள் சோலான்ஜ். “இது இல்லைன்னா வேற எங்கயோ இருக்கு. வித்திருப்பாரு. அதுவும் நீங்களே இதைக் கோசார்னு நினைச்சுத்தானே ஒளிச்சு வச்சீங்க?”

“ஒளிச்சு வைக்கலை.”

“செய்தித்தாள் தேதியைப் பாருங்க, அவரு செத்ததுக்கு அப்புறம் வந்தது. ஒளிச்சுத்தான் வச்சிருக்கீங்க. கட்டின பொண்டாட்டிக்கே சந்தேகம்னா நான் சந்தேகப்பட்டா மட்டும் குத்தமா?”

முட்டைகோஸ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தேன்.

“திறந்து பார்த்திடலாம்” என்றாள் மரியெல்.

“வேண்டாம்” என்றேன்.

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏன் வேண்டாம்?” சோலான்ஜ் மெதுவாகக் கேட்டாள். அவள் கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. “உள்ளே என்ன இருக்கு, மதாம்?”

மரியெல் எனக்குப் பதிலாகச் சொன்னாள்: “எழுத்து இருக்கும். இந்த ஊர்ல வயலினைத் திறந்தவங்க, மூடுறதுக்கு முன்னாடி முகப்பலகையோட உள்பக்கம் பென்சிலால எழுதுவாங்க. தேதி, என்ன வேலை, யாரு.”

“எழுதி? அதை யாரு பார்ப்பா?”

“அடுத்துத் திறக்கிறவன். அம்பது வருஷமோ நூறு வருஷமோ கழிச்சு. வாடிக்கையாளர்கிட்ட ஆயிரம் கதை விடலாம். உள்ளே பொய் எழுதக் கூடாது.”

“பலகையை மாத்தினவரு ‘நான் மாத்திட்டேன்’னு எழுதி வைப்பாராக்கும்.”

“வைப்பாரு” என்றேன் நான்.

அர்மானை எனக்குத் தெரியும். உள்ளே பொய் எழுதிய ஒருவன் இந்த ஊரில் இருந்தான். அவனோடு ஒரே மேஜையில் காபி குடிக்கக்கூட மாட்டார், சவ ஊர்வலத்துக்கும் போகவில்லை. மாற்றியிருந்தால் அதையும் எழுதியிருப்பார். அதுதான் என் பயம். வக்கீல் வேண்டாம், நீதிபதி வேண்டாம். பலகையைத் தூக்கினால் அவரே சொல்லிவிடுவார்.

“திற, மரியெல்” என்றேன்.

“மறுபடியும் இந்த வீட்டுலயா?” என்றாள் சோலான்ஜ். பிறகு யோசித்தாள். யோசித்து, போய்ச் சமையலறைக் கதவைப் பூட்டி, சாவியைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கைப்பேசியைக் கடுகு ஜாடியில் சாய்த்து வைத்து, படம் பிடிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

“நான் ஓடுவேன்னா?” மரியெல் கேட்டாள்.

“யாரு ஓடுவாங்கன்னு எனக்கு இன்னும் தெரியலை.”

மரியெல் தந்திகளைத் தளர்த்திக் கழற்றினாள். தந்திகளைத் தாங்கி நடுவில் நிற்கும் பாலத்தை எடுத்து வைத்தாள். தட்டையான, முனை மழுங்கிய கத்தியை விளிம்பில் வைத்து, ஓர் ஊசியால் ஒரு சொட்டுச் சாராயம் விட்டாள். டக். இன்னும் கொஞ்சம் தள்ளி, டக். பழைய பசை விட்டுக்கொடுக்கும் சத்தம். சோலான்ஜ் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடினாள்.

“நல்லா விடுது” என்றாள் மரியெல். “அர்மான் எப்பவும் தண்ணியா பசை வைப்பாரு. அடுத்தவனுக்குச் சுலபமா இருக்கணும்னு. திருடுறவன் கெட்டியா ஒட்டுவான், மதாம்.”

“வக்காலத்து வேண்டாம். கத்தியைப் பார்த்து ஓட்டுங்க.”

இருபது நிமிடம் ஆகியிருக்கும். பலகை ஒரு பெருமூச்சுபோல் மேலே வந்தது. உள்ளே மூலையில் எலிக்குஞ்சு அளவுக்குத் தூசி உருண்டை. மரியெல் பலகையைக் கவிழ்த்து விளக்குக்குக் கீழே வைத்தாள். நடு இணைப்பின்மேல் சின்னச் சின்ன மரத்துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அதன் வலப்பக்கம் பென்சில் எழுத்து. சாய்ந்த, நெருக்கமான எழுத்து. நான் நாற்பத்தேழு வருடம் கடைக்குப் போகும் பட்டியலில் பார்த்த எழுத்து.

“படிங்க” என்றாள் சோலான்ஜ்.

“நானா, இவங்களா?”

“நீங்க படிங்க. இவங்க வேண்டாம்.”

மரியெல் படித்தாள்:

“நடு இணைப்பைப் பிரிக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது. இடது பாதியின் ஓரம் மேலிருந்து கீழ்வரை சிதைந்தது. சிதைந்ததைச் சீவி எடுத்துவிட்டு, என் அப்பா வீட்டுக் கூரை மரத்திலிருந்து ஒன்பது வளையம் சேர்த்தேன். மற்றதெல்லாம் கோசார். வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை. 11 பிப்ரவரி 1986. அ.”

முதலில் அசைந்தது மரியெல். பூதக்கண்ணாடியையும் ஊசியையும் எடுத்தாள். இணைப்பைச் சுற்றித் துடைத்தாள்.

“அடப்பாவி” என்றாள், பாசமாக. “ரெண்டு கோடு இருக்கு. ஒரு இணைப்பு இல்ல, ரெண்டு இணைப்பு. நடுவுல ஒரு பட்டை. சுண்டுவிரல் நகத்தளவு அகலம். வெளியில தந்திக்கும் விரல்பலகைக்கும் கீழ மறைஞ்சு போச்சு. நிறம் பாருங்க, மரநூல் பாருங்க. ஆய்வகத்துக்காரன் இதையும் சேர்த்து எண்ணிட்டே போயிட்டான்.”

“எண்ணுங்க” என்றாள் சோலான்ஜ்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு—”

“இருங்க. நானும் பார்க்கிறேன். தள்ளுங்க.”

சோலான்ஜ் குனிந்து தானே எண்ணினாள். எட்டு வந்தது. மரியெலுக்கு ஒன்பது வந்தது. சோலான்ஜ் மறுபடி எண்ணினாள். இந்தமுறை சத்தமாக, ஒவ்வொரு வளையத்திலும் ஊசியை நிறுத்தி.

“...ஏழு. எட்டு. ஒம்பது.”

“அறுபத்தொண்ணுல ஒம்பது போனா?” மரியெல் கேட்டாள்.

“அம்பத்திரண்டு.”

“கோசார் செத்தது?”

“அம்பத்தெட்டு” என்றேன் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சீவி எடுத்ததுல ரெண்டு மூணு வளையம் போயிருந்தாலும் அவரு உயிரோட இருந்தப்ப வெட்டின மரம். சரியா இருக்கு. முகம் அவருதுதான்” என்றாள் மரியெல். “இந்தப் படத்தையும் நான் எழுதித் தர்றதையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்க. அவங்களே பட்டையை விட்டுட்டு எண்ணுவாங்க. ஒரு லட்சத்து நாப்பது வராது, நடுவுல பழுதுன்னு கொஞ்சம் பிடிப்பாங்க. ஒண்ணேகாலுக்குக் குறையாது.”

சோலான்ஜ் உட்கார்ந்தாள். முதல்முறையாகக் கோட்டின் பொத்தானைக் கழற்றினாள்.

“ஒண்ணேகால்” என்றாள். “ஒண்ணேகால் போதும். தோட்டத்தோட வரும். ஓ, மதாம் ஊகெத்!” எழுந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். மறுபடியும் இரண்டு. “திருடர் இல்லை. நான் சொன்னதை மறந்துடுங்க. திருடர் இல்லை, கத்தி வழுக்கினவருதான். யாருக்குத்தான் வழுக்காது?”

“நீங்க திருடர்னு சொல்லவே இல்லைன்னீங்களே” என்றேன்.

“சொன்னேன், சொன்னேன். கோபத்துல சொன்னேன்.”

“அப்ப உங்க காதும் சரிதான்” என்றாள் மரியெல். “நடுவுல புது மரம் வந்தா மேல் ஸ்வரம் இறுகத்தான் செய்யும். மாத்திரைக் காசை அர்மான் கல்லறையில போய்க் கேளுங்க.”

சோலான்ஜ் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அலமாரியிலிருந்து மிராபெல் பழப் பணியாரத்தை எடுத்து வெட்டினேன். காபி போட்டேன். மரியெல் கை கழுவிவிட்டு ரொட்டியை உடைத்து, அடிப்பிடித்த முட்டைகோஸைத் தட்டில் போட்டுக்கொண்டு, இதையும் எடை போட்டு விற்பீர்களா என்று கேட்டாள்.

திருடர் இல்லை. அதை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். பொய் சொன்னார், ஆனால் அதையும் எழுதி வைத்தார். பரணில் இருந்தது வெறும் பேனாக்கோடு. வக்கீல் இல்லை. அவர் பெயருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் மரியெல் படிக்கும்போது அந்தத் தேதி என் காதில் விழுந்தது. சோலான்ஜுக்கு முன்னால் எனக்கு அது உறைத்துவிட்டது. காபிக் கோப்பையைக் கொண்டுபோய் அந்தப் பலகைக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தேன். பணியாரத் தட்டையும் அங்கேயே வைத்தேன்.

“இன்னொரு துண்டு எடுத்துக்குங்க.”

“எடுத்துக்கிறேன். முதல்ல ஒரு படம் எடுத்துடறேன், வீட்டுல போய் நிதானமா படிக்கணும்.” அவள் கைப்பேசியைக் கடுகு ஜாடியிலிருந்து எடுத்தாள். தட்டை நகர்த்தினாள். கோப்பையை நகர்த்தினாள். குனிந்தாள்.

படம் எடுக்கவில்லை. உதடுகள் அசைந்தன. தனக்குள் படிக்கிறாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். அங்கேயே நின்றாள்.

“பதினொண்ணு” என்றாள்.

“காபி ஆறிடும்” என்றேன்.

“பிப்ரவரி பதினொண்ணு, செவ்வாய்க்கிழமை. பதிமூணாம் தேதி எனக்கு முதல் வரிசைக்குத் தேர்வு. அதுக்கு முன்னாடி வயலின் வேணும்னு அந்த வாரம், பன்னிரண்டாம் தேதி வரைக்கும், மூணு தடவை போன் பண்ணினேன்.”

மரியெல் மெல்லுவதை நிறுத்தினாள்.

“இரவல் வயலின்ல வாசிச்சேன். கிடைக்கலை. அப்புறம் எத்தனை வருஷம் ரெண்டாம் வரிசை, மதாம்.” அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. “மூணு தடவையும் போனை எடுத்தது நீங்க. ‘அவருக்குக் காய்ச்சல், படுக்கையில கிடக்காரு, உங்க வயலினைத் தொடவே இல்லை’ன்னு சொன்னது நீங்கதானே?”